சிங்கப்பூரில் நான் சொன்ன தப்பான பதில்

விமானத்தைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. ஏறினேன், உட்கார்ந்தேன், இறங்கினேன். கொடுத்த சாப்பாட்டில் உப்பு குறைவு.

நான் மேலூர்க்காரி. கல்யாண வீடுகளுக்குச் சமையல் ஆட்களோடு போகிறவள். காய் நறுக்குவேன், பருப்பு வேகவைப்பேன், அண்டா கழுவுவேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. என் மகள் கவிதா சிங்கப்பூரில் ஆராய்ச்சி செய்கிறாள். என்ன ஆராய்ச்சி என்று ஊரில் கேட்பார்கள். பிள்ளைகளுக்கு அறிவியலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஆராய்ச்சி என்பேன். அதற்கு எதற்கு ஆராய்ச்சி, வாத்தியார் சொல்லப் போகிறார், பிள்ளை எழுதப் போகிறது என்பார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வெளியே சொன்னதில்லை.

இந்த வருஷம் அவளால் ஊருக்கு வர முடியவில்லை. ஒரு தொடக்கப் பள்ளியில் அவளுடைய முறையில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். ஆசிரியர்களுக்குப் பிடித்துப்போனால் அடுத்த வருஷம் அந்தப் பள்ளியில் எல்லா ஐந்தாம் வகுப்புக்கும் அந்த முறைதான். பிடிக்காவிட்டால் ஆராய்ச்சி அத்தோடு நிற்கும், அவளும் பெட்டி கட்ட வேண்டியதுதான். போனில் இதைச் சொன்னபோது அவள் குரல் சரியில்லை. வருகிறேன் என்றேன். போனேன்.

முதல் நாள் தேக்காவுக்குக் கூட்டிப்போனாள். லிட்டில் இந்தியாவில் இருக்கும் சந்தைக்கு அங்கே அந்தப் பெயர்தான். முருங்கைக்கீரையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மாலை மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். கறிவேப்பிலையைக் கழுவி, துடைத்து, அடுக்கி வைத்திருந்தார்கள். நம் ஊரில் கறிவேப்பிலை காய் வாங்கினால் சும்மா வருவது. இங்கே அதற்கு இருக்கும் மரியாதையைப் பார்த்து அதை எடுக்கவே கை கூசியது. மீன் பக்கம் தரை ஈரமாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஊர் மாதிரி இருந்தது.

சந்தைக்குப் பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடைகள். ஒரு கூரைக்குக் கீழே எல்லாக் கடையும். நாம் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டு, போய் வாங்கி வர வேண்டும். கவிதா தோசை வாங்கினாள். சாம்பாரில் இனிப்புத் தட்டியது. எப்படி இருக்கு என்று கேட்டாள். வெந்திருக்கு என்றேன்.

கடைக்காரர் என் பேச்சைக் கேட்டுவிட்டு எந்த ஊர் என்று விசாரித்தார். அவருடைய தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவராம். அவர் அந்த ஊரைப் பார்த்ததில்லையாம். "காரம் கொறச்சலா இருக்கும்க்கா. சீனரு, மலாய்க்காரரு எல்லாரும் சாப்பிடணும்லா" என்று அந்த ஊர் வழக்கப்படி கடைசியில் லா போட்டுச் சொன்னார். நியாயம்தான். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காகக் காரத்தைக் குறைக்கச் சொன்னால் நாங்களும்தான் குறைக்கிறோம்.

பிறகு பண்டூங் என்று ஒன்று வாங்கித் தந்தாள். பாலில் ரோஸ் சர்பத்தை ஊற்றி நிறைய ஐஸ் போட்டது. நிறம் அப்படியே கல்யாண வீட்டு ரோஸ்மில்க். பேசிக்கொண்டிருந்தோம். நான் குடிக்க மறந்துவிட்டேன். கண்ணாடி டம்ளருக்கு வெளியே முத்து முத்தாகத் தண்ணீர் பிடித்து, வழிந்து, மேசையில் வட்டமாக நின்றது. முந்தானையால் துடைக்கப் போனேன். கவிதா என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, இந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

இதையெல்லாம் நான் யோசித்ததே இல்லை. ஆனாலும் கேட்டவுடன் பதில் வந்தது. "கசியுது. நம்ம வீட்டுப் பானை கசியலையா?"

அவள் சிரிக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. எதை வைத்து அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டாள். சொன்னேன். மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் வெளியே ஈரம் பூக்கும். கீழே வைத்த மணல் நனையும். உள்ளே தண்ணீர் குறையும். கசிகிற பானையில்தான் தண்ணீர் குளுகுளுவென்று இருக்கும். கசியாத பானையை யாரும் வாங்க மாட்டார்கள். இதுவும் குளிர்ச்சியாக இருக்கிறது, வெளியே ஈரமாக இருக்கிறது. வேறென்ன?

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் நான் பலகாரம் சுடும்போது அடுப்புப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பாளே, அந்தப் பார்வை.

தப்பா என்று கேட்டேன். இப்போது சொல்ல மாட்டேன் என்றாள்.

கிளமெண்டியில் ஒரு அடுக்குமாடி வீட்டில் அவளுக்கு ஓர் அறை. அன்று சாயங்காலம் கீழே நடந்துகொண்டே தன் வேலை என்ன என்று சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் சொல்லி எனக்குப் புரிந்தது அன்றுதான்.

பிள்ளைகளின் மண்டை காலியாக இருக்கிறது, நாம் ஊற்றினால் நிறையும் என்று எல்லாரும் நினைக்கிறோமாம். காலியாக இல்லையாம். பள்ளிக்கு வருவதற்கு முன்பே அவர்களாக ஒரு காரணம் வைத்திருக்கிறார்களாம். நீ பானையை வைத்துச் சொன்னாயே, அந்த மாதிரி என்றாள். அதை வெளியே எடுத்துப் பார்க்காமல் மேலே பாடத்தை ஊற்றினால் பரீட்சைக்குப் பாடத்தை எழுதுவார்களாம். பரீட்சை முடிந்ததும் பழைய காரணமே திரும்பி வந்துவிடுமாம். மனசு எப்படி வேலை செய்கிறது என்று படித்தவர்கள் பல நாடுகளில் இதைப் பார்த்திருக்கிறார்களாம். அதனால் இவள் பாடத்தைச் சொல்லித் தொடங்குவதில்லை. முதலில் என்ன நடக்கும் என்று ஒவ்வொரு பிள்ளையும் சொல்ல வேண்டும். பிறகு செய்து பார்க்க வேண்டும். நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று என்றால் ஏன் என்று அவர்களே பேச வேண்டும். இதுதான் அவள் முறை.

இன்னொன்றும் சொன்னாள். கேள்வி கேட்டுவிட்டு வாத்தியார் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டுமாம். உடனே அடுத்த ஆளைக் கேட்கக்கூடாது, தானே பதிலைச் சொல்லிவிடவும் கூடாது. அவள் பேச்சில் அந்த இடைவெளியை நானும் கவனித்திருந்தேன். என்னிடமிருந்து வந்த குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம், ஆராய்ச்சியிலேயே இருக்கிறதாம்.

மறுநாள் அவளுக்குப் பள்ளியில் முதல் பாடம். புக்கிட் பாஞ்சாங்கில் பள்ளி. என்னையும் கூட்டிப்போய் அங்கே ஒரு பெரிய கடைத்தொகுதியில் உட்காரவைத்தாள். பாடம் முடிந்ததும் வருவாள், நான் அங்கேயே இருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு காப்பி, அங்கே அதற்குக் கோப்பி என்று பெயர், வாங்கித் தந்தாள். பிளாஸ்டிக் பையில் ஊற்றி வாயைக் கயிற்றால் கட்டித் தருகிறார்கள். மேலூரில் டீயைப் பார்சல் கட்டித் தருவதுபோலத்தான். உறிஞ்சுகுழல் மட்டும் கூடுதல்.

கடைத்தொகுதியில் எவ்வளவு நேரம் உட்காருவது. பக்கத்திலேயே சின்ன ரயில் ஒன்று மேம்பாலத்தின் மேல் ஓடியது. கவிதா கொடுத்த ரயில் அட்டை கையில் இருந்தது. ஒரு நிறுத்தம் போய்த் திரும்பலாம் என்று ஏறினேன். ஏறிய பிறகுதான் கவனித்தேன். ஓட்டுவதற்கு ஆள் இல்லை. முன்னால் கண்ணாடி, அதற்கு அப்பால் தண்டவாளம். எங்கள் சமையல் சாமான் ஏற்றும் வண்டியில் டிரைவர் இருந்தே பாதி நேரம் பயம். இதில் யாருமே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அடுக்குமாடி வீடுகளுக்குப் பக்கத்தில் போகும்போது சன்னல் கண்ணாடி திடீரென்று வெளுத்துவிட்டது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஏசி ஈரம் என்று முந்தானையால் துடைத்தேன். போகவில்லை. அழுத்தித் துடைத்தேன். எதிரே ஒரு தமிழ்ப் பெண்மணி, மடியில் காய்ப் பை.

"தொடைக்காதீங்கக்கா. அது தண்ணி இல்ல. வீட்டுக்குள்ள நாம எட்டிப் பாக்கக் கூடாதுன்னு கண்ணாடி தானா வெள்ளையாயிடும்" என்றார்.

சொல்லி முடிக்கும்போது வீடுகள் போயின, கண்ணாடி தெளிந்தது. முந்தானையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. முதலில் தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். துடைத்த பிறகுதான் தொட்டேன்.

இந்தக் குழப்பத்தில் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. பயப்படாதீங்க, இது வட்டமாகச் சுத்தும், உட்கார்ந்தே இருந்தால் ஏறிய இடமே வரும் என்று அந்த அம்மா சொன்னார். வந்தது. கவிதா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. எங்கே போனாய் என்றுகூடக் கேட்கவில்லை. அப்போதே தெரிந்தது, பாடம் சரியாக அமையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொண்டாள். சோறு வைத்தேன். வேண்டாம் என்றாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை, பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள்.

ஐஸ் தண்ணீர் டம்ளரை வைத்து, வெளியே ஈரம் எங்கிருந்து வரும் என்று கேட்டிருக்கிறாள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே சொல்லை எழுதிவிட்டார்களாம். கண்டன்சேஷன் என்று பாடப்புத்தகத்து இங்கிலீஷ் சொல். ஒரு பிள்ளை பாக்கியில்லை. எல்லாருக்கும் வெளியே டியூஷன் உண்டு, அங்கே முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். சரி, கண்டன்சேஷன் என்றால் என்ன, தண்ணீர் எங்கே இருந்தது என்று கேட்டால் அமைதி. மேசையைப் பார்க்கிறார்கள். நினைப்பதைச் சொல்லச் சொன்னால் வெட்கம். தப்பாகிவிட்டால்?

அறிவியல் ஆசிரியர்களுக்குத் தலைவர் அந்தோணி என்பவர், அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். பாடம் முடிந்ததும் தன்மையாகத்தான் பேசினாராம். பிள்ளைகளுக்குத்தான் விடை தெரிகிறதே, இதற்கு இரண்டு பாடவேளை எதற்கு, எங்களுக்குப் பரீட்சை இருக்கிறது என்றாராம். இன்னொரு வகுப்பில் ஒரு முறை நடத்திப் பாருங்கள், வெள்ளிக்கிழமை, அதோடு நாங்கள் முடிவு சொல்லிவிடுகிறோம் என்றாராம்.

இப்போ என்ன செய்யப் போற என்று கேட்டேன்.

பிள்ளைகள் தங்கள் தப்பைச் சொல்ல வெட்கப்படுவார்கள், ஆனால் வேறொருவர் சொன்ன தப்பைப் பற்றி என்றால் தாராளமாகப் பேசுவார்கள், இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள் என்றாள். அதனால் ஒரு கேலிச்சித்திரப் பையனை வரைந்து, அவன் வாயில் ஒரு தப்பான பதிலைப் போட்டு, இவன் சொல்வது சரியா என்று கேட்கலாம் என்று யோசித்து வைத்திருந்தாள். கணினியில் காட்டினாள். சுருட்டை முடி, பெரிய கண். அவன் வாய்க்குப் பக்கத்தில் என்னவோ எழுதியிருந்தது. என்ன சொல்றான் என்று கேட்டேன். தண்ணி கண்ணாடி வழியா கசியுதுன்னு சொல்றான் என்றாள்.

நான் அந்தப் பையனைப் பார்த்தேன். அவன் அதை நம்பிச் சொல்கிற மாதிரி தெரியவில்லை. யாரோ சொல்லிவைத்ததைச் சொல்கிற மாதிரி இருந்தது. பிள்ளைகள் கண்டுபிடித்துவிடும்.

"படம் எதுக்கு? நான் இருக்கேன்ல" என்றேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். வேண்டாம்மா என்றாள். நான் பேசாமல் இருந்தேன். அவள் முறைதானே, கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது.

"சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும். சோத்தைத் தின்னு."

தின்றாள்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் என்னை ஊர் சுற்றிக் காட்டினாள். புக்கிட் மேராவில் பழைய அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு சாப்பாட்டுக் கடைத்தொகுதிக்குப் போனோம். சீன அம்மாக்கள் சின்ன நாற்காலிகளில் உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேச்சு என்று கேட்டேன். மருமகளைப் பற்றித்தான் இருக்கும் என்றாள் கவிதா, அவளுக்கும் சீனம் தெரியாது. ரொட்டி பராட்டா போடுகிறவர் மாவைக் காற்றில் விசிறியதைப் பார்த்தேன். எங்கள் சமையல் மாஸ்டர் பார்த்தால் பொறாமைப்படுவார். நாசி லெமாக் என்று தேங்காய்ப்பால் சோறு சாப்பிட்டேன். தேங்காய்ப்பால் சோற்றோடு நெத்திலியா என்று முதலில் யோசித்தேன். இரண்டாவது வாயில் யோசனை நின்றது. கடற்கரைப் பக்கம் உயரமான கட்டடங்களையும் காட்டினாள். கழுத்து வலித்தது.

ஆனால் அந்த நாட்களில் நான் பார்த்தது ஈரத்தைத்தான். எங்கே பார்த்தாலும் ஈரம். தகர டப்பா பானத்தின் மேல் ஈரம். மழை பெய்யாத காலையில் ஏசி பஸ்ஸின் சன்னலுக்கு வெளியே ஈரம். பஸ்ஸுக்குள்ளே தண்ணீர் இல்லையே, எது கசிகிறது? சந்தேகம் வந்தது. கவிதாவிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு, நீ நிஜமாகவே நினைப்பதைத்தான் அங்கே சொல்ல வேண்டும், நான் இப்போது சொன்னால் நீயும் அந்தப் படத்துப் பையன் மாதிரி ஆகிவிடுவாய் என்றாள். இந்தப் பதிலுக்காகவா இத்தனை தூரம் வந்தேன் என்று கொஞ்சம் கோபம். ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். பஸ் எனக்குத் தெரியாது. பானை தெரியும். பானையையே பிடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போனோம். வாசலில் பெயர் பதிந்து நெஞ்சில் ஒரு அட்டை ஒட்டினார்கள். வகுப்பில் ஏசி இல்லை, மேலே காற்றாடிதான். சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், நம் பிள்ளைகள். எல்லாரும் எழுந்து நின்று ஏதோ ராகமாக வணக்கம் சொன்னார்கள். அது எல்லா ஊரிலும் ஒரே ராகம்தான். பின்னால் ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தவர் அந்தோணி.

எனக்கு இங்கிலீஷ் வராது. கவிதா எனக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் மாற்றி மாற்றிச் சொன்னாள். இனி நான் எழுதுவது அவள் எனக்குச் சொன்னபடிதான்.

மேசையில் மூடி போட்ட கண்ணாடி டம்ளர், உள்ளே ஐஸ் தண்ணீர். வெளியே ஈரம் பூக்க ஆரம்பித்தது. கவிதா பிள்ளைகளைக் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். இவர் என் அம்மா, சமையல் செய்பவர், இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று இவரைக் கேட்போம் என்றாள். நான் எழுந்தேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

"உள்ளேருந்து கசியுது. எங்க வீட்டுப் பானையும் இப்படித்தான் கசியும்" என்றேன். பானையைப் பற்றித் தேக்காவில் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

கவிதா அதை இங்கிலீஷில் சொன்னாள். முன் வரிசையில் ஒரு பையன் சிரித்தான். அவன் பக்கத்தில் இருந்தவனும் சிரித்தான். கவிதா சிரித்தவர்களைக் கண்டிக்கவில்லை. அம்மா சொல்வது தப்பு என்றால் அவர் ஒத்துக்கொள்கிற மாதிரி காட்டுங்கள் என்றாள். சொல்லிவிட்டுச் சும்மா நின்றாள்.

நிறைய நேரம் சும்மா நின்றாள். காற்றாடி சத்தம் மட்டும். எனக்கே பேசலாமா என்று இருந்தது.

சிரித்த பையன்தான் முதலில் கையைத் தூக்கினான். கண்டன்சேஷன் என்றான். கவிதா எனக்குச் சொன்னாள். எனக்குப் புரியலையே, அது என்ன என்றேன். அவன் வாயைத் திறந்தான், மூடினான், உட்கார்ந்தான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஒரு மலாய்ச் சிறுமி எழுந்து, தண்ணீருக்குப் பதிலாகப் பண்டூங் ஊற்றிப் பார்க்கலாம், கசிந்தால் வெளியேயும் இளஞ்சிவப்பாக இருக்கும் என்றாள். கவிதாவின் பையில் சர்பத் இருந்தது. பிள்ளைகள் கேட்டால்தான் எடுப்பாளாம். ஊற்றினாள். செய்வதற்கு முன் எல்லாரும் ஒரு பக்கம் சொல்ல வேண்டும், வெளியே நிறம் வருமா வராதா. நானும் சொன்னேன். வராது என்றேன். பிள்ளைகள் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வெள்ளைத் தாளால் துடைத்தார்கள். நிறம் இல்லை, வெறும் தண்ணீர். அந்தச் சிறுமி தாளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். ஜெயித்த முகம்.

"பானையில மோர் ஊத்தி வச்சா வெளிய மோரா கசியும்? தண்ணிதான் கசியும்" என்றேன்.

கவிதா இதைச் சொன்னதும் வகுப்பின் ஒழுங்கு கலைந்துவிட்டது. பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளையோடு பேச ஆரம்பித்தார்கள். சிலர் எழுந்து என் பக்கத்திலேயே வந்து நின்றார்கள். சிரித்த பையன் அப்போது மெதுவாக ஏதோ சொன்னான். கவிதா எனக்குச் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன் ஆன்ட்டி, கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கும் என்று நினைத்தேன், டியூஷனில் அந்தச் சொல்லை எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

வேறு யார் அப்படி நினைத்தீர்கள் என்று கவிதா கேட்டாள். ஒரு கை எழும்பியது. இன்னொன்று. பாதி வகுப்பு கையைத் தூக்கியது. நான் பின்னால் பார்த்தேன். அந்தோணி கைகளைக் கட்டியபடி இல்லை. முன்னால் சாய்ந்து அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு தமிழ்ச் சிறுமிக்குத்தான் தராசு தோன்றியது. என்னிடம் நேராகத் தமிழிலேயே பேசினாள். "ஆன்ட்டி, உள்ள இருக்கற தண்ணி வெளிய வந்தா வெயிட் அதேதான் இருக்கணும்ல? ரெண்டும் சேர்ந்து கிளாஸ்லயேதான் இருக்கு."

யோசித்தேன். ஆமாம். அண்டாவிலிருந்து சோறு எடுத்து அண்டா மூடியிலேயே வைத்தால் மொத்த எடை மாறாது.

டம்ளரைத் துடைத்து, மூடி, கவிதா எடுத்துத் தந்த சமையல் தராசில் வைத்தார்கள். கவிதா கையால் காட்டச் சொன்னாள். கூடுமா, குறையுமா, அப்படியே நிற்குமா. நான் அப்படியே நிற்கும் என்று கையை நீட்டினேன். அதுதான் நான் நம்பியது. அதே நேரம் கூடிவிடுமோ என்றும் இருந்தது, பஸ் ஞாபகம் வந்தது. கையை மாற்றவில்லை.

எல்லாரும் தராசையே பார்த்தோம். கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் பார்ப்பதுபோல. எண் ஏறியது. கொஞ்சம்தான். பிறகு இன்னும் கொஞ்சம். டம்ளர் முழுக்க முத்து முத்தாக நின்றது, எண் ஏறிக்கொண்டே இருந்தது.

"நான் நெனச்சது தப்பு. வெளியேருந்துதான் வருது" என்றேன்.

கவிதா அதை இங்கிலீஷில் சொன்னாள். சத்தமே இல்லை. ஜெயித்ததற்குப் பிள்ளைகள் கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒரு பெரிய ஆள் எழுந்து நின்று தப்பு என்று சொன்னதை அவர்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள்போல. எனக்கு அவமானமாக இல்லை. கணக்கு ஒன்று தீர்ந்த மாதிரி இருந்தது. பஸ்ஸும் அப்போதுதான் புரிந்தது.

"வெளியேன்னா எங்கேருந்து?" என்று கவிதா என்னையே கேட்டாள்.

"வேற என்ன இருக்கு வெளிய? காத்துதான்" என்றேன். பிறகு எனக்கே ஒன்று உதைத்தது. "காத்துல தண்ணி இருந்தா என் சேலை ஏன் நனையல?"

இதை அவள் இங்கிலீஷில் சொன்னதும் பிள்ளைகள் தங்கள் சட்டையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவன், ஆன்ட்டி சேலை குளிர்ச்சியாக இல்லை, டம்ளர்தான் குளிர்ச்சி என்றான். அப்படியானால் சேலையைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் நனையுமா என்று இன்னொருத்தி. நனையும், நனையாது என்று இரண்டு கட்சி. இடைவேளை மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. வெளியே வராண்டாவில் மற்ற வகுப்புப் பிள்ளைகள் ஓடுகிற சத்தம். இங்கே சேலைச் சண்டை. கடைசியில் அந்தோணிதான் எழுந்து, போய்ச் சாப்பிடுங்கள் என்று துரத்தினார். மூக்குக்கண்ணாடி போட்ட சிறுமி போகும்போது என் முந்தானையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

பள்ளி உணவகத்தில் அந்தோணி எனக்கு மீ கோரிங் என்று வறுத்த நூடுல்ஸ் வாங்கித் தந்தார். கவிதா மற்ற ஆசிரியர்களோடு பேசிக்கொண்டிருந்தாள். காரம் எப்படி ஆன்ட்டி என்று கேட்டார். இருக்கு என்றேன். இதே பாடத்தைப் பல வருஷமாக நடத்துகிறேன் என்றார். இந்த வகுப்பில் எல்லாருக்கும் விடை தெரியும் என்று நேற்றுவரை நினைத்தேன் என்றார். பிறகு சொன்னார்.

"நீங்க தமிழ்ல சொன்னது எனக்குப் புரியுது ஆன்ட்டி. சொந்த அம்மா, அதனால கவிதா கொஞ்சம் அழகா மாத்தித்தான் பிள்ளைங்ககிட்ட சொல்வாங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். மாத்தல. ஒரு சொல்லுகூட மாத்தல. தப்பத் தப்பாவே கொடுத்தாங்க."

நான் தட்டில் மீதியிருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன்.

நான் பெற்ற பிள்ளை. ஊரே வந்து பாராட்டினால்கூட எனக்கு இவ்வளவு பெருமை இருக்காது. என்னைக் காப்பாற்ற அவளுக்கு ஒரு சொல் போதும். அதைச் செய்யவில்லை. என் தப்புக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தாள். நான் தாங்குவேன் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் எல்லா ஐந்தாம் வகுப்புக்கும் இந்த முறைதான், முதலில் நாங்கள் ஆசிரியர்கள் கற்றுக்கொள்கிறோம், கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதுதான் எனக்குக் கஷ்டம் என்றார் அந்தோணி. "ஆனா எல்லா வகுப்புக்கும் நீங்க வரமுடியாதுலா. அதுதான் பிரச்சனை."

அதற்கு வழி கவிதா கண்டுபிடித்தாள். கிளம்புவதற்கு முன்னால் கிளமெண்டி வீட்டில் கணினியைத் திருப்பிக் காட்டினாள். சுருட்டை முடிப் பையனைக் காணோம். அவன் இடத்தில் சேலை கட்டிய ஒரு பொம்பளை. பக்கத்தில் ஈரம் பூத்த மண்பானை. மூக்கு என்னுடையது இல்லை. என்னைவிட நல்ல மூக்கு. ஆனால் நிற்கிற விதம் நான்தான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. என் பெயர் போடவில்லை. மேலூர் அம்மா என்று எழுதியிருப்பதாகச் சொன்னாள்.

வாய்க்குப் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னேன். தமிழில் படித்தாள். உள்ளேயிருந்து கசிகிறது, எங்கள் வீட்டுப் பானையும் இப்படித்தான் கசியும். நான் சொன்னது அப்படியே.

அந்தத் தாளின் அடிவரைக்கும் பார்த்தேன். கீழே இடம் காலியாக இருந்தது.

"சரியான பதில் போடலையா?"

"போடலைம்மா."

"போடாதே" என்றேன்.